நாளைக்கு லீவுங்களா? விடுமுறை நாள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பக்கம் சில பனியன் யூனிட்டுகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிக் கொடுப்பது என் வேலை. ஆனால் போனில் அதிகம் வருவது வரி பற்றிய கேள்வி அல்ல, "நாளைக்கு லீவுங்களா?" என்பதுதான். கேட்பவர் முதலாளியாகவும் இருப்பார், செக்கிங்குக்கு வரும் அக்காவாகவும் இருப்பார். நான் முதலில் திருப்பிக் கேட்பது, "யாருக்குங்க?"

தாலுகா ஆபீஸ் திறந்திருக்கும் நாளில் தபால் ஆபீஸ் பூட்டியிருக்கும். பேங்குக்கு லீவு, பட்டறைக்கு இல்லை. ஈரோட்டில் பள்ளிக்கூடம் இல்லை, அவிநாசியில் உண்டு. இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

காலண்டர்ல செவப்புல போட்டிருந்தா லீவு தானுங்களே?

அரசு ஆபீசுக்கு ஏறக்குறைய ஆமாம். மற்றவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. நாள்காட்டி அச்சிடுகிறவர்கள் தமிழ்நாடு அரசின் பட்டியலைப் பார்த்துத்தான் சிவப்பு போடுகிறார்கள். அந்தப் பட்டியல் மாநில அரசு அலுவலகங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் வாரியங்களுக்கும் உரியது. தனியார் கம்பெனிக்கு வேறு சட்டம். மத்திய அரசு ஆபீசுக்கு வேறு பட்டியல். கோர்ட்டுக்கு உயர் நீதிமன்றம் போடும் நாள்காட்டி. பள்ளிக்கூடத்துக்குக் கல்வித்துறை கணக்கு. சிவப்பு ஒன்றுதான், அதற்குக் கட்டுப்படுகிறவர்கள் வேறு வேறு.

அந்த லிஸ்ட்டை யாருங்க முடிவு பண்றது? சென்னையா, டெல்லியா?

மாநிலப் பட்டியல் சென்னையில்தான் முடிவாகிறது. தலைமைச் செயலகத்தில் பொதுத்துறை என்று ஒரு துறை இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பொதுத்துறை நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். அரசின் பொது நிர்வாகத்தைக் கவனிக்கும் துறை அது. முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கிருந்து அரசாணை வரும். 2024-க்கும் 2025-க்கும் பட்டியலில் 24 நாள்கள் இருந்தன. பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள், தீபாவளி எல்லாம் அதில் உண்டு. தெலுங்கு வருடப் பிறப்பும் மகாவீர் ஜெயந்தியும்கூட உண்டு.

"நம்ம ஊர்ல யாருங்க மகாவீர் ஜெயந்தி கொண்டாடறாங்க?" என்று ஒருவர் கேட்டார். பெருந்துறைக்குப் பக்கத்தில் விஜயமங்கலம் சமணக் கோயிலை ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னேன். கொங்கு நாட்டில் சமணம் இன்று நேற்று வந்ததல்ல. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் குடும்பங்களும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

பேங்க் லீவுக்கும் செக் சட்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்? நியூஸ்ல அடிக்கடி சொல்றாங்களே?

செலாவணி முறிச் சட்டம், 1881 என்று ஒன்று இருக்கிறது. செக், உண்டியல், புரோநோட்டு இவற்றுக்கான சட்டம். உண்டியல் என்றால் கோயில் உண்டியல் அல்ல, இன்ன நாளில் இவருக்குப் பணம் கொடு என்று எழுதும் வணிகச் சீட்டு. ஒரு உண்டியலுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளில் பேங்க் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று அதில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல, "பொது விடுமுறை" என்றால் எது என்றும் சொல்லியாக வேண்டும். அதனால் 25-ம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் அரசிதழில் அறிவிக்கப்படும் மற்ற நாள்கள். அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுடையது. 1957-ல் அது மாநில அரசுகளுக்கும் கொடுக்கப்பட்டது.

அதனால் பேங்கைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது, "இந்த லீவு இந்தச் சட்டத்தின் கீழ் அறிவிச்சதா?" என்பது மட்டும்தான். ஆமாம் என்றால் பேங்க் பூட்டியிருக்கும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் 2015 செப்டம்பரிலிருந்து தனியாக வந்தவை. கிளை பூட்டியிருந்தாலும் பணம் அனுப்புவது இப்போது நிற்பதில்லை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் எந்த நாளும் எந்நேரமும் ஓடுகிறது. "பேங்க் லீவுங்க, அதான் பேமெண்ட் போடலை" என்று நூல் கடைக்காரரிடம் சொல்லும் சாக்கு செல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

ஏப்ரல் ஒண்ணாம் தேதி கவர்மெண்ட் லீவுங்களா?

பட்டியலில் இருக்கிறது, ஆனால் பேங்குக்கு மட்டும். வணிக வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் அது. அன்று தாலுகா ஆபீசுக்கு வழக்கம்போலப் போகலாம்.

பண்டிகை ஞாயித்துக்கெழமை வந்தா திங்கக்கெழமை விடுவாங்களா?

மாட்டார்கள். ஞாயிறு வந்தால் போனது போனதுதான். 2025-ல் குடியரசு தினம், தெலுங்கு வருடப் பிறப்பு, மொகரம் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. அதே ஆண்டு விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் அக்டோபர் 2-ல் ஒன்றாக வந்தன. 24 என்று எண்ணிக்கை போட்டிருந்தாலும் கைக்கு வந்தது குறைவு. சில நாடுகளில் ஞாயிறு விழுந்தால் மறுநாள் விடுவார்கள். இங்கே அப்படி விதி இல்லை. தேதியே மாறினால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

பண்ணாரி குண்டத்துக்கு எங்களுக்கு லீவு, கோயமுத்தூர்ல இருக்கற எம்மச்சானுக்கு ஏனுங்க இல்லை?

அது உள்ளூர் விடுமுறை. அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர், அதனால் அவருடைய மாவட்ட எல்லையோடு முடிந்துவிடும். பண்ணாரி ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள மாரியம்மன் கோயிலில் பங்குனியில் செவ்வாய்க்கிழமை விடியலில் குண்டம் இறங்குவார்கள், அதாவது தீ மிதிப்பார்கள். ஈரோடு ஆட்சியர் அன்று விடுமுறை விடுவார். மச்சான் கோவையிலிருந்து வந்து குண்டம் இறங்கினால் அவருக்கு அது சொந்த லீவுதான்.

கொங்குப் பக்கம் இந்த உள்ளூர் விடுமுறைகளைக் கோத்துப் பார்த்தாலே அந்தந்த மண் எதைப் பெரிதாக நினைக்கிறது என்று தெரியும். ஆடிப் பதினெட்டை ஒட்டி நாமக்கல்லில் விடுவது கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்காக. அதே ஆடிப் பதினெட்டில் ஈரோட்டில் விடுவது தீரன் சின்னமலைக்காக. 1805-ல் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிடப்பட்ட அவருக்கு அறச்சலூர் ஓடாநிலையில் அரசு விழா நடக்கும். கரூரில் மாரியம்மன் கோயில் கம்பத்தை அமராவதி ஆற்றுக்கு அனுப்பும் நாள். சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா. நீலகிரியில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, அப்புறம் ஊட்டி மலர்க் கண்காட்சி. கோவையில் ஓணம், பாலக்காடு எல்லை அவ்வளவு பக்கம். சென்னையில் உட்கார்ந்து போடும் ஒரு பட்டியலில் இவை எல்லாம் அடங்காது. எனக்குக் கேட்டால், விடுமுறை முறையிலேயே ஊரோடு ஒட்டிய பகுதி இதுதான்.

உள்ளூர் விடுமுறைன்னா பேங்க், கருவூலம் எல்லாம் பூட்டிருவாங்களா?

பேங்க் திறந்திருக்கும். ஆட்சியர் வெளியிடும் செய்திக்குறிப்பைக் கடைசி வரி வரை படித்தால் ஒரு வாக்கியம் கண்ணில் படும்: இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படவில்லை, எனவே கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு அவசர வேலைக்கு இயங்கும். மேலே சொன்ன "எந்தச் சட்டத்தின் கீழ்" என்ற கேள்விக்கு அதுதான் பதில். அரசுப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தால் அதுவும் நிற்காது. பிள்ளையைக் குண்டத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் பங்குனி மாதத்தில் தேர்வு அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளூர் விடுமுறை சும்மா வருவதுமில்லை. அதே குறிப்பில், ஈடாக எந்தச் சனிக்கிழமை வேலைநாள் என்றும் போட்டிருப்பார்கள். லீவு வந்த செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள்.

தீபாவளிக்கு மறுநாளும் விட்டாங்களே, இனி வருசா வருசம் அப்படித்தானுங்களா?

இல்லை, ஒவ்வொரு முறையும் தனி உத்தரவு. 2023-ல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. மறுநாள் திங்கள் விட்டு, 18-ம் தேதி சனிக்கிழமை வேலைநாள் ஆக்கினார்கள். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். வெள்ளி விட்டு, நவம்பர் 9 சனிக்கிழமையை வேலைநாள் ஆக்கினார்கள். 2025 பொங்கலுக்கும் ஜனவரி 17 வெள்ளியை விட்டு 25-ம் தேதி சனியில் ஈடு செய்தார்கள். ஊருக்குப் போனவர்கள் பஸ் நெரிசலில் சிக்காமல் திரும்பி வரத்தான் இந்த ஏற்பாடு. இது அரசு ஆபீஸ், பள்ளி, கல்லூரிக்கு. உங்கள் கம்பெனி விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ரம்ஜான், மிலாடி நபிக்கெல்லாம் தேதியை எப்படிங்க முன்னாடியே போடறாங்க? பிறை தெரிஞ்சாத்தானே?

கணக்குப் போட்டு உத்தேசமாகத்தான் போடுகிறார்கள். பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவிப்பார். தேதி மாறினால் அரசு திருத்த உத்தரவு போடும். 2024-ல் மிலாடி நபி செப்டம்பர் 16 என்று பட்டியலில் இருந்தது, 17 ஆயிற்று. இந்துப் பண்டிகையிலும் இது நடக்கும். 2023-ல் விநாயகர் சதுர்த்தியை முதலில் செப்டம்பர் 17, ஞாயிறு என்று போட்டிருந்தார்கள். அப்புறம் 18, திங்கள் என்று மாற்றினார்கள். ஞாயிறில் கரைந்துபோக இருந்த ஒரு லீவு அந்த வருடம் பிழைத்துக்கொண்டது.

நாள்காட்டி அச்சான பிறகு வரும் திருத்தம் அதில் ஏறாது. இந்தப் பண்டிகைகளை ஒட்டி லாரி லோடு, டெலிவரி தேதி எல்லாம் ஒப்புக்கொள்கிறவர்கள் ஒரு நாள் முன்பின் இடம் விட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

புத்த பூர்ணிமாவுக்குத் தபால் ஆபீஸ் பூட்டிக் கெடக்குது, தாலுகா ஆபீஸ் தெறந்திருக்குது. இதென்னங்க கணக்கு?

தபால் ஆபீஸ் மத்திய அரசு. அவர்களுக்குப் பட்டியல் டெல்லியிலிருந்து வருகிறது. எல்லா ஊருக்கும் கட்டாயமான நாள்கள் 14. புத்த பூர்ணிமாவும் குருநானக் ஜெயந்தியும் அதில் உண்டு, நம் மாநிலப் பட்டியலில் இல்லை. இந்த 14-க்கு மேல், 12 பண்டிகைகள் கொண்ட இன்னொரு பட்டியலிலிருந்து அந்தந்த மாநிலத்துக்கு ஏற்ற 3 நாள்களை மத்திய அரசு ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கும்.

பொங்கல் அந்த 14-ல் இல்லை, இந்த 12-ல் ஒன்று. 2017 ஜனவரியில் "மத்திய அரசு பொங்கல் லீவை எடுத்துவிட்டது" என்று ஒரு சண்டை எழுந்ததே, அதன் வேர் இதுதான். ஹோலி, மகாசிவராத்திரி, ராமநவமி, ஓணம் எல்லாம் இதே பன்னிரண்டுக்குள் இருப்பவைதான்.

ஆர்.எச்.னு வாத்தியாருங்க சொல்றாங்களே, அது என்னங்க?

ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடே, அதாவது வரையறுக்கப்பட்ட விடுமுறை. ஆபீஸ் திறந்திருக்கும், ஆனால் விரும்பியவர் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளலாம். மாநில அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 3, மத்திய அரசு ஊழியருக்கு 2. அதற்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. மாநிலப் பட்டியலில் ஆடிப்பெருக்கு உண்டு, கார்த்திகை தீபம் உண்டு. தனியார் கம்பெனியில் இந்தப் பேச்சே கிடையாது.

தைப்பூசத்துக்கு நாங்க சின்ன வயசுல லீவு போட்டுத்தான் பழனிக்கு நடந்தோம். எப்பங்க இது கவர்மெண்ட் லீவாச்சு?

2021-ல். எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது ஜனவரியில் அறிவித்து, அந்த மாதம் 28-ம் தேதி தைப்பூசத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அதுவரை கோவை, ஈரோடு, தாராபுரம் ரோடெல்லாம் பச்சை வேட்டி, காவி வேட்டி காவடிக்காரர்கள் நிறைந்திருக்க, ஆபீஸ்கள் மட்டும் ஆள் இல்லாமல் திறந்திருக்கும். சென்னிமலையிலும் சிவன்மலையிலும் தேர் ஓடும் நாளில் வேலைக்கு வரச் சொன்னால் யார் வருவார்கள்? நடைமுறையில் ஏற்கெனவே இருந்த லீவுக்கு அரசு முத்திரை குத்தியது என்றே சொல்வேன்.

பட்டியல் அரசியலோடு மாறும் என்பதற்கு இன்னும் பெரிய சாட்சி தமிழ்ப் புத்தாண்டு. 2008-ல் தி.மு.க. அரசு தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் போட்டது. 2011-ல் அ.தி.மு.க. அரசு அதை நீக்கிச் சித்திரைக்குத் திருப்பியது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாளும் என்பதால், அந்தத் தேதி எப்படி இருந்தாலும் லீவுதான்.

சட்டப்படி எங்க யூனிட்டுக்கு எத்தனை நாள் லீவு விட்டாகணும்?

ஒன்பது. 1958-ம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் சொல்வது இது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கட்டாயம். இவற்றோடு பண்டிகை நாள்கள் ஐந்து. தொழிற்சாலைக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் இது பொருந்தும். அரசுப் பட்டியலில் 24 இருக்கிறதே, எங்களுக்கு ஏன் 9 என்று தொழிலாளர்கள் கேட்பதுண்டு. இரண்டும் வேறு சட்டம், அவ்வளவுதான். ஒன்பதுக்கு மேல் விடுவதை யாரும் தடுக்கவில்லை.

அந்த ஐந்து எவை என்பதை முதலாளி தானாக முடிவு செய்யக்கூடாது. தொழிலாளர்களையும் கலந்து பேசி, ஆய்வாளர் ஒப்புதலோடு முடிவாக வேண்டும். நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் போன வருடப் பட்டியலில் வருடத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். பொங்கல், மாட்டுப் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று போய்க்கொண்டிருக்கும். யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை என்பதால் அது கலந்து பேசியதாக ஆகிவிடாது.

அப்போ தீபாவளிக்கு ஒரு வாரம் கம்பெனி பூட்றாங்களே? அது எல்லாம் சம்பள லீவுங்களா?

சட்டப்படி சம்பள லீவு தீபாவளி அன்று ஒரு நாள்தான். மற்ற நாள்கள் நம் ஊர் நடைமுறை. போனஸ் வாங்கிய கையோடு தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறுகிறவர்களை மூன்றாம் நாள் திரும்பக் கூப்பிட முடியாது. தையல் ஆள் வராமல் கட்டிங்கை மட்டும் ஓட்டி என்ன பயன்? அதனால் மொத்தமாகப் பூட்டுகிறார்கள். சில இடங்களில் முந்தைய ஞாயிறுகளில் ஷிப்ட் ஓட்டி ஈடு கட்டுகிறார்கள், சில இடங்களில் அந்த நாள்களுக்குக் கூலி இல்லை. எதுவானாலும் முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட இடங்களில்தான் தீபாவளி முடிந்து சண்டை வருகிறது.

எங்ககிட்ட பாதிப் பேரு பீகார், ஒடிசாப் பசங்க. அவிங்களுக்கு ஹோலிக்கு லீவு குடுக்கோணுமுங்களா?

கட்டாயம் இல்லை. ஹோலியும் சட் பூஜையும் நம் மாநிலப் பட்டியலில் இல்லை. ஆனால் மேலே சொன்ன ஐந்து பண்டிகை நாள்களைத் தொழிலாளர்களோடு கலந்து பேசத்தான் சட்டம் சொல்கிறது. பாதிப் பேர் அவர்களாக இருந்தால் அவர்களிடமும்தானே கேட்க வேண்டும்? ஒரு யூனிட்டில் தமிழ்ப் புத்தாண்டை எடுத்துவிட்டு ஹோலியைச் சேர்த்தார்கள். ஏப்ரல் 14-க்கு நம் ஆள்கள் முணுமுணுத்தார்கள் என்பது உண்மை. ஐந்துக்கு மேல் ஆறாவதாக ஒன்று கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் வாய் மூடிவிடும் என்பது என் அபிப்பிராயம். செலவு முதலாளியுடையது என்பதால் சொல்வது எனக்கு எளிது.

லீவு நாள்ல வேலைக்குப் போனா டபுள் சம்பளமுங்களா?

அந்த ஒன்பது நாள்களுக்கு ஆமாம். இரட்டிப்புக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு சம்பளத்துடன் இன்னொரு நாள் மாற்று விடுமுறை. ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஆகஸ்ட் 15-ல் மெஷின் ஓட்டிவிட்டு, "கொடியேத்தி மிட்டாய் குடுத்தாச்சுங்க" என்று சாதாரணக் கூலி போடுவது செல்லாது. வாராந்திர ஞாயிறு ஓய்வு இந்த ஒன்பதில் சேராது. அதற்கு வேறு சட்டத்தில் தனி ஏற்பாடு.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர், "கோழிக்கு அக்டோபர் ரெண்டு தெரியாதுங்களே" என்றார். நியாயம்தான். ஆனால் தீவனம் போடுகிற ஆளுக்குத் தெரியும்.

ஓட்டுப் போடற நாளைக்குக் கூலிக்காரங்களுக்கும் சம்பளமுங்களா?

உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்ற பிரிவு இருக்கிறது. ஓட்டுரிமை உள்ள எந்தத் தொழிலாளிக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்காரருக்கும் அன்றைய கூலி சேர வேண்டும். அவர் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் என்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறினால் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. இந்தத் தொகையைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

எந்தெந்த நாளுக்கு டாஸ்மாக் லீவு? கறிக்கடை எப்பங்க பூட்டுவாங்க?

"நாளைக்கு லீவுங்களா"வுக்கு அடுத்து போனில் அதிகம் வரும் கேள்வி இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. டாஸ்மாக் மூடும் நாள்கள் எட்டு: திருவள்ளுவர் நாள், குடியரசு தினம், தைப்பூசத்தில் வரும் வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி. தேர்தலுக்குத் தனியாக மூடுவார்கள். தீபாவளியும் பொங்கலும் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இறைச்சிக் கடை மூடுவது உள்ளாட்சி அறிவிப்பு. திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி என்றால் மாநகராட்சி முன்னதாகவே அறிவித்துவிடும். மாட்டுப் பொங்கலும் திருவள்ளுவர் நாளும் ஒன்றாக வருவதால், அன்று கறி எடுக்க நினைக்கிறவர்கள் முந்தின நாளே பார்த்துக்கொள்கிறார்கள்.

லீவு நாள்ல எதுக்குங்க கிராம சபை வெக்கறாங்க?

ஆள் வீட்டில் இருப்பார்கள் என்றுதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கிலும் கிராம சபை நடக்கும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ம் பின்னால் சேர்ந்தவை. உங்கள் யூனிட்டுக்குச் சட்டம் கட்டாயமாக்கிய நான்கு நாள்களும் முதல் நான்கும் ஒன்றுதான் என்பதைப் பாருங்கள். சாயத்தண்ணீர், ரோடு, தெருவிளக்கு பற்றிப் புலம்புகிறவர்களுக்கு அன்று போக நேரம் இருக்கிறது.

மழை லீவு எந்தக் கணக்குலங்க வருது?

எந்தக் கணக்கிலும் வராது. அது ஆட்சியர் பள்ளிகளுக்கும், சில நேரம் கல்லூரிகளுக்கும் அன்றைய நிலைமையைப் பார்த்து விடுவது. தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் லீவு விட்டிருப்பார்கள், பொள்ளாச்சியில் பள்ளிக்கூடம் நடக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாளும் ஆறு முதல் எட்டு வரை 220-ம் வேண்டும். அதனால் விட்ட நாளைச் சனிக்கிழமையில் பிடித்துவிடுவார்கள்.

பி.எஃப். கட்டற கடைசி நாள் லீவுல விழுந்தா மறுநாள் கட்டலாமுங்களா?

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கெடு 15-ம் தேதி. ஆகஸ்டில் 15 என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ் பூட்டியிருந்தால் அது திறக்கும் நாளில் செய்வதை ஏற்கும் பொது விதி 1897-ம் ஆண்டின் பொதுப்பிரிவுகள் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இணையத்தில் கட்டும் வசதி எந்நாளும் திறந்திருக்கும்போது அந்த வாதத்தை நம்பி உட்காராதீர்கள். 13-ம் தேதியே கட்டிவிடச் சொல்கிறேன், கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

புரோநோட்டு, உண்டியல் கெடு லீவு நாள்ல வந்தா? அதுவும் மறுநாள் தானுங்களே?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தேதி குறிப்பிட்ட உண்டியலோ புரோநோட்டோ பொது விடுமுறையில் முதிர்ந்தால், முந்தைய வேலைநாளிலேயே பணம் கொடுக்க வேண்டியதாக ஆகிவிடும். மேலே சொன்ன 25-ம் பிரிவு சொல்வது இதைத்தான். பின்னால் தள்ளுவதில்லை, முன்னால் இழுக்கிறது. தீபாவளி திங்கள் என்றால் ஞாயிறும் விடுமுறை, சனியும் இரண்டாவது அல்லது நான்காவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்கே பணம் தயாராக இருக்க வேண்டும்.

நம் பக்கம் கைமாற்றுக்கு எழுதும் புரோநோட்டில் பெரும்பாலும் தேதி இருக்காது, "கேட்கும்போது தருகிறேன்" என்றுதான் இருக்கும். அதற்கு முதிர்வு நாள் இல்லை, வழக்குப் போடும் மூன்று வருடக் கெடுதான் முக்கியம். அந்தக் கெடுவின் கடைசி நாளில் கோர்ட் பூட்டியிருந்தால், காலவரையறைச் சட்டத்தின் 4-ம் பிரிவுப்படி கோர்ட் திறக்கும் நாளில் போடலாம். மே மாத விடுமுறையில் கெடு முடிகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். பணம் கொடுக்க வேண்டியவருக்கு நாள் முன்னால் நகர்கிறது, வழக்குப் போடுகிறவருக்குப் பின்னால் நகர்கிறது. கடைசி நாள் வரை காத்திராமல் வக்கீலிடம் போய்விடுங்கள்.

கேஸ் போட்டு எங்க ஊர் நோம்பிக்கு லீவு வாங்க முடியுங்களா?

முடியும் என்று தோன்றவில்லை. தாத்ரா நகர் ஹவேலி விடுதலை நாளுக்கு விடுமுறை கேட்டு ஒரு வழக்குப் போனது. பொது விடுமுறை என்பது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல, அது அரசின் கொள்கை முடிவு என்று 2022 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே லீவு அதிகம் என்ற தொனியும் தீர்ப்பில் இருந்தது.

நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, வழி ஆட்சியர் அலுவலகம்தான். கோயில் நிர்வாகம், ஊர்ப் பெரியவர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் சேர்ந்து, திருவிழாத் தேதி உறுதியானதும் மனுக் கொடுக்கலாம். மாவட்டம் முழுக்க வேண்டும் என்று கேட்பதைவிடக் குறிப்பிட்ட தாலுகாவுக்கு என்று கேட்பது எளிதில் நடக்கும். ஈடு செய்ய எந்தச் சனிக்கிழமை என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். எப்படியும் அதைக் கேட்கத்தான் போகிறார்கள்.